கட்டில் கேஸ்

சண்டை மாஸ்டருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. எழுந்து நின்றால் கை சட்டைப்பையைத் தடவியது. தண்ணீர் பிடிக்கப் போனவர் பாட்டிலை அங்கேயே மறந்துவிட்டுத் திரும்பினார். பாட்டிலை எடுக்கப் போனவர் எதற்கு வந்தோம் என்பதை மறந்து கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்தார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மனைவியின் தம்பி, வீட்டில் எல்லோரும் சின்னவன் என்று கூப்பிடுகிற தடியன், பயிற்சி முடிந்து அன்றுதான் முதல்முதலாக நிஜ வாடிக்கையாளர்களிடம் பேச உட்கார்ந்திருந்தான்.

சண்டை மாஸ்டர் என்பது பயிற்சிக்கு வருகிறவர்கள் வைத்த பட்டப்பெயர். ஆளைப் பார்த்தால் அந்தப் பெயருக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வீட்டில் மனைவி ஓர் அதட்டுப் போட்டால் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஆனால் அலுவலகத்தில் அவருக்குச் சம்பளமே கோபப்படுவதற்குத்தான்.

ஊரில் இருக்கிற கம்பெனிகளெல்லாம் பொருளை விற்கும், வாடகைக்கு விடும். அதற்குப் பிறகு வருகிற வசவை வாங்கிக்கொள்ள நேரமில்லை என்று அந்த வேலையை மட்டும் இன்னொரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிடும். அப்படி ஒப்படைக்கப்பட்ட வசவுகளை வாங்கும் இடம்தான் இது. வசவு வாங்குவதற்கும் பயிற்சி வேண்டும் அல்லவா. அதனால் மாஸ்டர் பயிற்சி அறையின் கோடியில் ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வாடிக்கையாளர் போலப் போன் போடுவார். பல் போன கிழவராகப் பேசுவார். கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்த வியாபாரியாகப் பறப்பார். எடுத்ததற்கெல்லாம் "உங்க மேலாளரைக் கூப்பிடுங்க" என்று நிற்கிற ஓய்வுபெற்ற ஆசிரியராக உயிரை வாங்குவார். பேசி முடித்தபின் தடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "பரவாயில்ல, தண்ணி குடிங்க" என்பார்.

எல்லாவற்றிலும் பேர் வாங்கியது கட்டில் கேஸ். நோயாளிகளுக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் வாடகைக்குத் தருகிற ஒரு கம்பெனியின் வேலை இவர்களிடம் இருந்தது. அதற்காக மாஸ்டரே இட்டுக்கட்டிய கதை அது. வாடகைக் கட்டிலில் படுத்திருந்த அப்பா இறந்துபோகிறார். கட்டிலை எடுக்க ஆள் வரவில்லை. மகள் போன் போடுகிறாள். மாஸ்டர் மெல்லிய குரலில் ஆரம்பித்து, திட்டி, நடுவில் ஓர் இடத்தில் உடைந்து, மூச்சு வாங்கி, மறுபடி திட்டுவார். கேட்கிறவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். போன் எடுத்தவர், அவள் பேசும்போது குறுக்கே விழக்கூடாது. சரியான இடத்தில் வருத்தம் சொல்ல வேண்டும். அவள் குரல் இறங்கியதும், "வேற ஏதாவது உதவி வேணுமாங்க?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் திரையில் முடிந்தது என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் மார்க்.

சின்னவன் கட்டில் கேஸில் முழு மார்க் வாங்கியவன். எப்படி வாங்கினான் என்பது மாஸ்டருக்குத் தெரியும். கோபமாகப் பேசத் தொடங்குவதற்கு முன்னால் அவர் மூக்கால் ஒரு சின்ன மூச்சு இழுப்பார். அக்கா கல்யாணமான நாளிலிருந்து அந்த மூச்சைக் கேட்டு வளர்ந்தவன் சின்னவன். போனில் யார் திட்டினாலும் அது அத்தான்தான் என்று அவனுக்குத் தெரியும். அத்தானுக்கு யார் பயப்படுவார்கள்? சாவகாசமாக உட்கார்ந்து, எழுதிக்கொடுத்த வருத்தத்தை எழுதிக்கொடுத்த இடத்தில் சொல்லி, பேர் வாங்கிவிட்டான்.

இவன் தேறவில்லை என்று மாஸ்டரின் மனசு சொன்னது. ஆனால் மனைவி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். "இதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல போச்சு. இதுவும் போச்சுன்னா அவன் இடிஞ்சு போயிடுவாங்க. உங்க கையில இருக்கு, பாத்துக்கோங்க." பாத்துக்கொண்டார். பாஸ் போட்டார். அன்றையிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தார்.

முதல் நாள் பேசுகிறவர்களின் அழைப்பைப் பயிற்சியாளர் கூடவே கேட்கலாம். நிலைமை கைமீறினால் ஒரு பொத்தானை அழுத்தி நடுவில் புகுந்து பேசலாம். மற்ற நாட்களில் மாஸ்டர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே கேட்பார். அன்று கால் ஆடுகிற ஆட்டம் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்து, தன்னுடைய பழைய இடத்துக்கு, அந்தப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். அவர் செய்த முட்டாள்தனம் அதுதான். சின்னவன் திரும்பிப் பார்த்தபோது, பயிற்சி அறையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தான் தடுப்புக்குள் போவதுதான் தெரிந்தது.

முதலில் ஒருவர் சக்கர நாற்காலியின் பிரேக் பிடிக்கவில்லை என்றார். சின்னவன் பதமாகவே பேசினான். மாஸ்டரின் கால் கொஞ்சம் நின்றது. அடுத்த அழைப்பில் ஒரு பெண்.

"கட்டிலை எப்பங்க எடுப்பீங்க?"

"வணக்கம்ங்க, உங்க பேரு..."

"பேரெல்லாம் எத்தனை தடவை சொல்றது. அப்பா போயிட்டாரு. கட்டில் நடுவீட்டுல நிக்குது. நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன், யாரும் வர்ற மாதிரி தெரியலை." குரல் ஓர் இடத்தில் தடுக்கியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சின்னவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான்.

"அத்தான், முதல் நாளே கட்டில் கேஸா? கொஞ்சம் விட்டுப் பிடிங்களேன். ஆனா ஒண்ணு, குரல் இன்னைக்குப் பிரமாதம். அந்த மூக்கை உறிஞ்சுறது புதுசு."

மாஸ்டரின் கை மேஜையைத் தடவியது. பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"விடமாட்டேங்கறீங்களே. சரி, உங்க அப்பா போனதுக்கு ரொம்ப வருத்தப்படுறோம். வேற ஏதாவது உதவி வேணுமா? மார்க் போட்டுட்டீங்களா?"

மாஸ்டர் பொத்தானைக் குத்தினார். "அம்மா, மன்னிச்சிடுங்க, நான் இங்க பயிற்சி குடுக்கறவன். பெரிய தப்பு நடந்துபோச்சு."

அவள் குரலும் அத்தான் குரலும் ஒரே அழைப்பில் தனித்தனியாகக் காதில் விழுந்ததும் சின்னவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். பாதியிலேயே நின்றான். தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்த மாஸ்டருக்குக் கண்ணாடி வழியாக அவன் முகம் தெரிந்தது. அதில் ஈயாடவில்லை.

"அத்தான் யாரு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நான்தாங்க."

"அவரு எதுக்கு என்னை நீங்கன்னு நினைச்சாரு?"

மாஸ்டர் இதற்கு ஒரு பொய்யைத் தேடினார். கிடைக்கவில்லை. "புகார் சொல்றவங்க மாதிரி நான் பேசிக் காட்டுவேங்க. புதுசா வர்றவங்க பழகணும்ல. அதுல இந்த மாதிரி ஒண்ணும் வரும்."

"அப்பா செத்துப்போன மாதிரியா?"

"ஆமாங்க."

"அழுவீங்களா?"

"ஆமாங்க."

பின்னால் எங்கோ ஒரு குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. "சிரிச்சாரே, அவரையே அனுப்புங்க," என்றாள். "நேர்ல வந்து பாத்துட்டு எவ்வளவு வேணா சிரிக்கட்டும்." போனை வைத்துவிட்டாள்.

மேலாளர் அம்மா அந்த அழைப்பின் பதிவைக் கேட்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கத்துகிற ரகம் இல்லை அவர். கத்தியிருந்தால் மாஸ்டருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கத்தலைச் சமாளிப்பது எப்படி என்று அவருக்கு மனப்பாடம்.

"அத்தான்னு கூப்பிட்டதையும் கேட்டேன்," என்றார். "எனக்கு நாளைக்குக் காலையில ஒரே ஒரு பதில் வேணும். நீங்க பாஸ் போட்டப்ப அவரு தேறியிருந்தாரா, இல்லையா? தேறியிருந்தாருன்னா தப்பு அவரோடது, அவரு போகணும். தேறலைன்னா தப்பு உங்களோடது. அதுக்கு என்ன செய்யணுமோ செய்வேன். இப்ப ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போங்க. கட்டில் கம்பெனிக் கிடங்குல வண்டிக்குச் சொல்லியிருக்கேன்."

வெளியே வருவதற்குள் மனைவியின் போன். அதற்குள் சின்னவன் அக்காவிடம் ஒப்பாரி வைத்திருந்தான். மாஸ்டர் தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி எல்லாவற்றையும் சொன்னார்.

"அவன் வேலை போகக்கூடாது," என்றாள் மனைவி.

"அப்ப என் வேலை போகும்."

"அதுவும் போகக்கூடாது."

"ரெண்டுல ஒண்ணுதான்மா கேக்கறாங்க."

"நீங்கதான் ஆயிரம் பேரு மாதிரி பேசுவீங்களே. எதையாவது பேசிச் சமாளிங்க." வைத்துவிட்டாள்.

வண்டியில் முன்னால் மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை. சின்னவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே வந்தான். மாஸ்டர் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். நாளைக் காலை என்ன சொல்வது என்று ஒவ்வொரு சிக்னலிலும் ஒவ்வொரு முடிவுக்கு வந்தார். சிவப்பு விளக்கில் மச்சினனைக் காப்பாற்றினார், பச்சை விழுந்ததும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். மகளின் கல்லூரிப் படிப்பு நினைவுக்கு வந்தபோது கண்ணாடியை மறுபடி ஏற்றினார்.

வீடு இரண்டாவது மாடியில். படிக்கட்டு குறுகலாக ஏறி, நடுவில் ஒரு திருப்பம் திரும்பியது. கதவு திறந்தே இருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு மெலிந்த பெண் நின்றாள். தையல்காரி என்பது பார்த்ததுமே தெரிந்தது. தையல் மெஷின் சமையல் மேடையை ஒட்டி, வெளிச்சமே இல்லாத மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அதைத் தள்ளி வைத்த இடத்தில்தான், ஜன்னலுக்கு நேராக, கட்டில் நின்றது.

தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடியோடு, பக்கக் கம்பிகளோடு, இரும்புக் கட்டில். முன்னறையில் முக்கால்வாசியை அதுவே பிடித்திருந்தது. ஒருவர் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அடியில் செருப்புகளும் துணி மூட்டைகளும் கிடந்தன. மேலே ஒன்றுமே இல்லை. இவ்வளவு இடப் பஞ்சத்திலும் அதன்மேல் ஒரு துணியைக்கூட யாரும் வைக்கவில்லை. ஒரு சின்னப் பெண் தரையில் உட்கார்ந்து கட்டிலின் காலில் பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சது யாரு?" என்றாள் தையல்காரி.

சின்னவன் கையை உயர்த்தினான், வகுப்பறையில் உயர்த்துவது போல. "நான்தாங்க அக்கா. நான் வந்து..."

"திருகாணி துருப்பிடிச்சிருக்கும். எண்ணெய் தரட்டுமா?"

அவன் ஓட்டுநரோடு சேர்ந்து குனிந்து கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

மாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிற வாக்கியங்கள் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. ஒன்றையும் வெளியே விட அவருக்குத் துணிவில்லை. "இதுக்கு முன்னாடி போன் எடுத்தவங்க சரியா பேசலையாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"சேச்சே. எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க," என்றாள் அவள். "ஒரு பொண்ணு என்கூடச் சேர்ந்து அழுதே போச்சு. இன்னொருத்தரு எங்கப்பாவைப் பத்தியெல்லாம் விசாரிச்சாரு. கடைசியில வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேப்பாங்க. அவ்வளவு அன்பாக் கேக்கறவங்ககிட்ட வேற என்னத்தைக் கேக்கறது? வேண்டாம்ங்கன்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் யாரும் வரமாட்டாங்க. மறுபடி போன் போட்டா முதல்லேர்ந்து."

வேண்டாம்ங்க என்று அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் ஒரு விரல் முடிந்தது என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறது. அழுத்திய கணமே கிடங்கில் இருப்பவர்களின் திரையிலிருந்து இவளுடைய வேண்டுகோள் மறைந்துவிடும். அது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரியும், ஆனால் ஒரு நாளும் யோசித்ததில்லை. போனில் இவளோடு சேர்ந்து அழுத பெண்ணை அவருக்கு நன்றாகத் தெரியும், அவர் கையால் முதல் மார்க் வாங்கியவள். வகுப்பில் எல்லோரையும் கைதட்டச் சொன்னவரே அவர்தான்.

"என்னை மாதிரி பேசுவேன்னீங்களே," என்றாள் தையல்காரி. "பேசிக் காட்டுங்க."

"அது வேண்டாம்ங்க."

"தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். நான் எப்படிப் பேசறேன்னு எனக்கே தெரியாது."

மாஸ்டர் மூக்கால் மூச்சை இழுத்தார். கட்டிலின் கீழே இருந்த சின்னவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். எத்தனையோ முறை பேசிய வசனம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். "கட்டிலை எப்பங்க..." என்று தொடங்கினார். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்ற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மேலே போக முடியவில்லை.

அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "உங்க பயிற்சியில கட்டிலை எடுத்துட்டுப் போவாங்களா?" என்றாள்.

குத்திக் காட்டக் கேட்டதாகத் தெரியவில்லை. கதையின் முடிவு என்ன என்று கேட்பது போலத்தான் கேட்டாள். மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த மகள் எத்தனையோ பேரிடம் திட்டியிருக்கிறாள், அழுதிருக்கிறாள், சமாதானமாகியிருக்கிறாள். எல்லோரும் அவளைத் தேற்றி மார்க் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"இல்லைங்க," என்றார். "ஒரு தடவைகூட எடுக்கலை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

கட்டிலை இறக்குவது லேசான வேலையாக இல்லை. ஓட்டுநர் முன்னால், சின்னவன் பின்னால், நடுவில் மாஸ்டர் தோள் கொடுத்தார். படிக்கட்டின் திருப்பத்தில் சட்டம் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. தூக்கி நிறுத்தி, சாய்த்து, மறுபடி ஏற்றி இறக்கினார்கள். சின்னவனின் புறங்கை உரிந்தது. மேலே நின்ற தையல்காரி, "கால் பக்கம் பாத்துங்க, தம்பி," என்று மட்டும் சொன்னாள். கையெழுத்து வாங்க மாஸ்டர் மறுபடி மேலே போனபோது அவள் மெஷினை ஜன்னலடிக்கு இழுத்துவிட்டிருந்தாள். சின்னப் பெண் வெறுமையான தரையில் கையையும் காலையும் பரப்பி மல்லாந்து படுத்திருந்தாள்.

வண்டி கிடங்குக்குப் போய்விட்டது. இருவரும் பேருந்துக்கு நின்றார்கள்.

"அத்தான், நான் தேறிட்டேன்னே சொல்லிடுங்க," என்றான் சின்னவன். "நான் போயிடறேன். எனக்கு வேலை போறது பழக்கம்தான். உங்களுக்கு அப்படியில்ல."

"என் மூச்சுச் சத்தத்தை வச்சுத்தான் நீ மார்க் வாங்கினேன்னு எனக்குத் தெரியும்டா."

"தெரியுமா?"

"தெரிஞ்சேதான் போட்டேன்."

சின்னவன் உரிந்த கையை ஊதிக்கொண்டே ரொம்ப நேரம் ரோட்டைப் பார்த்தான். "அக்கா சொன்னாளா?" என்று கேட்டான். மாஸ்டர் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலை மேலாளர் அம்மாவின் அறைக்குள் போனபோது மாஸ்டர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும்.

"தேறலைங்க மேடம். நான்தான் தெரிஞ்சே பாஸ் போட்டேன்."

"சரி," என்று மேலாளர் எழுதப் போனார்.

"அவன் மட்டும் இல்ல. நான் பாஸ் போட்ட ஒருத்தரும் தேறலை. நல்லாப் பேசி அனுப்பறதுக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். பேசி முடிச்சதும் எல்லாத்தையும் மூடிடறாங்க. நேத்து ஒரு கட்டிலைத்தான் எடுத்தோம். மத்ததெல்லாம் எத்தனை வீட்டுல நிக்குதோ தெரியலை."

மேலாளர் பேனாவை வைத்தார். அவர் கேட்டது இந்தப் பதிலை இல்லை, அவருக்கு அது பிடிக்கவும் இல்லை. அழைப்புகள் சீக்கிரம் முடிகின்றன என்பதுதான் அந்த அறையின் சுவரில் மாட்டியிருந்த பெருமை. "நான் கேட்டது ஒரு ஆளைப் பத்தி," என்றார். அந்த ஒரு ஆளைப் பற்றியே முடிவும் சொன்னார். சின்னவனுக்கு வேறொருவரிடம் முதலிலிருந்து பயிற்சி. மாஸ்டருக்கு இனிமேல் பலகைத் தடுப்பு கிடையாது. மற்றவர்களோடு உட்கார்ந்து நிஜ அழைப்புகளை எடுக்க வேண்டும்.

மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினாள். மகளிடம், "உங்கப்பா இப்ப போன் எடுக்கறாரு," என்று யாரோ எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். மாஸ்டருக்கு அது வலிக்கத்தான் செய்தது. நிஜமாகக் கோபப்படுகிறவர்களிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் தலை கிண்ணென்று வலித்தது. திட்டத் தெரிந்த அளவுக்குத் திட்டு வாங்க அவருக்குத் தெரியவில்லை. தொண்டை காய்ந்துபோய், பாட்டிலை எங்கே வைத்தோம் என்று இன்னமும் தேடிக்கொண்டிருந்தார்.

சின்னவன் இரண்டாம் முறை தேறி வந்தபோது காலியாக இருந்தது அவருக்குப் பக்கத்து இருக்கை ஒன்றுதான். உட்கார்ந்தான். காதில் மாட்டினான். முதல் அழைப்பு வந்தது. ஒரு பெண்குரல், கட்டிலை எடுக்க ஆள் வரவில்லை என்று எடுத்த எடுப்பில் அழுகை.

சின்னவன் சட்டென்று திரும்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். அத்தான் அங்கேதான் இருந்தார். கால் கிடுகிடுவென்று ஆட, யாரிடமோ, "சொல்லுங்க, சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எத்தனாவது மாடிங்க?" என்று கேட்டான். "படிக்கட்டு நடுவுல திரும்புமா? சரி. வண்டி வந்து கட்டில் கீழ இறங்கினதும் எனக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் இதை நான் மூடமாட்டேன்."